சுருட்டப்படாத பாய்

ஒலிந்தா எங்கள் பள்ளிக்கூடத்து முதல் வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. பெஞ்சு வருகிறது, வருகிறது என்று தலைநகர் திலியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதுவரைக்கும் சிமெண்டுத் தரைதான். பிள்ளைகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, கறுப்புத் துணியோடு அவள் சம்மணம் போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்னக்கா, வழி தவறி வந்துட்டியா?" என்றேன்.

"தேத்தும் பாஷை கத்துக்கணும் வாத்தியாரே."

"எதுக்கு? காப்பிக்கொட்டை விக்க நம்ம மலைப் பேச்சு மம்பாய் பத்தாதா?"

"ஒரு கேள்வி கேக்கணும். திலி ஆளுங்க வரப் போறாங்களாம். அவங்களுக்கு நம்ம மம்பாய் தெரியாதாம்."

என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை. மௌபிசே ஊருக்கு மேலே இருக்கிற எங்கள் மலையில் நாய்க்குக்கூட அந்தக் கேள்வி தெரியும்.

அவள் புருஷன் க்ரிஸ்பின். இந்தோனேசியாவிடமிருந்து விடுதலை வேண்டுமா என்று ஓட்டுப் போட்ட வருஷம், காப்பித் தோட்டத்திலிருந்து அவனை இழுத்துப் போனார்கள். இழுத்துப் போனவன் வெளியூர்க்காரன் இல்லை, அடுத்த வேலிக்காரன் லம்பெர்த்தோ. இந்தோனேசிய ராணுவம் கொடுத்த துப்பாக்கியும் சிவப்பு வெள்ளைத் தலைத்துணியும் இருந்ததால் அன்றைக்கு அவன்தான் ராஜா. பழைய பள்ளிக்கூடத்தில்தான் அவன் கும்பலின் முகாம். போகும்போது பள்ளிக்கூடத்தையும் எங்கள் வீடுகளையும் கொளுத்திவிட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள். க்ரிஸ்பின் திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கம் செத்தவருக்காக ஒரு வருஷம் கறுப்பு உடுத்துவோம். வருஷம் முடிந்ததும் சொந்தபந்தம் கூடி, எருமை வெட்டி, பாட்டும் ஆட்டமுமாகக் கறுப்பைக் கழற்றுவோம். கல்லறையே இல்லாதவனுக்கு எப்படிக் கழற்றுவது? சிலர் செத்தவனின் சட்டையைப் புதைத்துவிட்டுக் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். ஒலிந்தாவிடமும் சொல்லிப் பார்த்தோம். "சட்டையவா நான் கட்டிக்கிட்டேன்?" என்று எழுந்து போய்விட்டாள்.

மொழி விஷயத்தில் எங்கள் கூத்தை எங்கே போய்ச் சொல்ல. நான் படித்தது இந்தோனேசியத்தில். எங்களுக்கு வந்து சேர்ந்த புத்தகங்கள் அதற்கும் முன்னால் எங்களை ஆண்டவர்களின் போர்ச்சுக்கீசியத்தில். பிள்ளைகள் வீட்டில் பேசுவது மம்பாய். எல்லோரையும் ஒரு நாடாகக் கட்டப்போவது தேத்தும் என்று மேடையில் சொன்னார்கள். நானே அதைத் திலி சந்தையில் மீன் பேரம் பேசிக் கற்றவன். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை எல்லாம் சொல்லிக் கொடுத்தேன்.

மற்றப் பிள்ளைகள் மறந்தார்கள், அவள் மறக்கவில்லை. பன்றிக்குத் தீனி போடும்போதும் தேத்துமில்தான் திட்டினாள். அந்த வகுப்பறை மீது அவளுக்குத் தனிப் பெருமை. நிவாரணக்காரர்கள் சிமெண்டு கொடுத்தபோது ஆற்றிலிருந்து கூடை கூடையாக மணல் சுமந்தவர்களில் அவளும் ஒருத்தி. "இந்தத் தரை என் தலையில வந்தது, எச்சில் துப்பாதீங்கடா" என்று பிள்ளைகளை அதட்டுவாள்.

அப்புறம் லம்பெர்த்தோ திரும்பி வந்தான். அகதி முகாமில் புழுத்த அரிசி தின்று அலுத்துப்போய், மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆள் அனுப்பினான். சமாதானக் கூட்டம் நடத்தத் திலியிலிருந்து நதாலினா என்ற அதிகாரி ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்தாள். நல்ல பெண்தான். ஆனால் கடற்கரை ஊர்க்காரி, மம்பாயில் ஒரு வார்த்தை தெரியாது.

ஊர்த்தலைவர் துவார்த்தே பெரிய பாயை விரித்தார். வெற்றிலை பாக்கு வைத்தார். எங்களிடம் பாய் விரித்தால் விளையாட்டில்லை. மனதில் இருக்கிற கடைசிப் பேச்சும் வெளியே வந்த பிறகுதான் அதைச் சுருட்டுவோம். சுருட்டிவிட்டால் அப்புறம் அந்த விஷயத்தை யாரும் வாயில் எடுக்கக் கூடாது.

நதாலினா விதியைச் சொன்னாள். வீடு கொளுத்தியது, மாடு திருடியது, அடித்தது எல்லாம் இங்கேயே தீர்க்கலாம். கொலை என்றால் தீர்க்க முடியாது. அதற்குத் திலியில் வழக்கு, கோர்ட்டு, ஜெயில். லம்பெர்த்தோ தலையைக் குனிந்துகொண்டு மம்பாயில் ஒப்புக்கொண்டான்: இந்த வீட்டை எரித்தேன், அந்த வீட்டை எரித்தேன். தலைவர் அதைத் தேத்துமில் சொன்னார். மாதாகோயில் கூரையை வேய்ந்து தருவதாக முடிவானது. தலைவர் பாயின் ஓரத்தில் கை வைத்தார்.

ஒலிந்தா பாயின் நடுவில் போய் உட்கார்ந்தாள். வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த அந்தக் கேள்வியைத் தேத்துமில் கேட்டாள்: "என் புருஷன் க்ரிஸ்பினை எங்க போட்டே?"

நதாலினா பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். லம்பெர்த்தோ தேத்தும் தெரியாதவன் இல்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு வாயில் வந்தது தாய்மொழிதான். பொய் சொல்லியிருக்கலாம். பாய் மேல் உட்கார்ந்து பொய் சொன்னால் பிள்ளைகுட்டிக்கு ஆகாது என்ற பயம் அவனுக்கும் இருந்தது.

"அடிச்சதுல செத்துட்டான் அக்கா. இஸ்கூல்ல கக்கூசுக்குத் தோண்டின குழியில போட்டு மூடிட்டோம்."

அந்தக் குழியை எரிந்த கட்டடத்தின் இடிபாட்டால் நிரப்பித்தான் மேலே புது வகுப்பறை கட்டினோம். அவள் சுவரோரம் உட்கார்ந்து தேத்தும் படித்த வகுப்பறை அதுதான்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டாள் நதாலினா.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அவன் எங்க போனான்னு தனக்குத் தெரியாதுங்கிறாரு."

நதாலினா தலையாட்டிக்கொண்டாள். தலைவர் ஒலிந்தா பக்கம் குனிந்து மம்பாயில் மெதுவாகச் சொன்னார். "வாயத் தொறக்காதே தாயி. இவன் என் பொண்டாட்டி வீட்டு ஆளு. பொண்ணு எடுத்தவன் நான், பொண்ணு கொடுத்த வீட்ட ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா? மழை கழியட்டும், நானே தரைய ஒடச்சுத் தர்றேன். உன் ஆளை எடுத்துக்கோ."

அவர் செய்திருப்பார். குடிப்பார், பொய் சொல்வார், ஆனால் சொன்ன வேலையைச் செய்து கொடுப்பார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒலிந்தா யோசித்தாள். பிறகு நிமிர்ந்து, நதாலினாவைப் பார்த்து, தேத்துமில் சொன்னாள்: "தலைவர் பொய் சொல்றாரு. இவன் என் புருஷனை அடிச்சுக் கொன்னு இஸ்கூல் குழியில போட்டேன்னு சொன்னான். என் புருஷன் ஓட்டுப் போட்டதுக்காகச் செத்தவன். அவனைத் திருட்டுத்தனமா எடுக்க மாட்டேன். என் அரசாங்கம் வந்து எடுக்கட்டும்."

பிசிறில்லாமல் பேசினாள். என்னிடம் படித்த எந்தப் பிள்ளையும் அப்படிப் பேசியதில்லை. எனக்குக் கர்வமாக இருந்தது.

நதாலினா பெட்டியை நிறுத்தினாள். "இது கொலை. இதுக்கு மேல நாங்க பேசக் கூடாது" என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டாள். பாயைச் சுருட்டத் தலைவர் மறுத்துவிட்டார். அது அங்கேயே கிடந்தது, கோழிகள் ஏறி மிதித்தன.

போலீஸ் வருவதற்குள் லம்பெர்த்தோ மறுபடியும் எல்லை தாண்டிவிட்டான். வந்த போலீஸ்காரர்கள் தரையைப் படம் எடுத்தார்கள், வகுப்பறையைப் பூட்டினார்கள், கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். எலும்பு பார்க்கிற நிபுணர் வெளிநாட்டிலிருந்து வரும்வரை யாரும் தொடக் கூடாதாம். நிபுணர் வரவில்லை. கொஞ்ச காலத்தில் அந்த வருஷத்துக் கொலை வழக்குகளைப் பார்த்த ஆபீசையே மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். பூட்டை மட்டும் யாரும் வந்து திறக்கவில்லை.

நான் மரத்தடியில் பாடம் நடத்தினேன். மழை வந்தால் லீவு. ஊரின் கோபமெல்லாம் லம்பெர்த்தோ மேல் போகவில்லை, ஒலிந்தா மேல் திரும்பியது. குழாயடியில் தலைவர் பெண்டாட்டி ஜாடை பேசினாள். "செத்தவன் சிமெண்டு வீட்டுல சொகமா படுத்திருக்கான், நம்ம புள்ளைங்க மழையில நனையுது. தேத்தும் படிச்ச மகராசியால வந்த வாழ்வு!" ஒலிந்தா குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள்.

ஒருமுறை திலிக்கே போய் வந்தாள். லாரியில் காப்பி மூட்டை மேல் உட்கார்ந்து போனாள். கோர்ட்டில் தேத்துமில் தடங்கல் இல்லாமல் கேட்டாளாம். அங்கிருந்த பையனும் தேத்துமில்தான் மரியாதையாகப் பதில் சொன்னானாம். வழக்குக் கட்டு முழுக்கப் போர்ச்சுக்கீசியத்தில் இருக்கிறது அம்மா, அதைப் படிக்கிற வெளிநாட்டு நீதிபதி தன் நாட்டுக்குப் போயிருக்கிறார், அவர் உத்தரவு போட்டால்தான் பூட்டைத் திறக்கலாம்.

திரும்பி வந்தவள் நேராகப் பூட்டிய கதவிடம் போய் நின்றாள். என்னைக் கூப்பிட்டாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு வாத்தியாரே?"

மழையில் பாதி அழிந்திருந்தது. எனக்கும் அரைகுறைதான். "கோர்ட்டு உத்தரவு இல்லாம உள்ள போகக் கூடாதுன்னு போட்டிருக்கு அக்கா."

"தேத்தும் இல்லையா இது?"

"இல்ல. போர்ச்சுக்கீசியம்."

கதவில் கையை வைத்தாள். அழுதால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அழவில்லை.

"வா அக்கா, கடப்பாரை கொண்டு வர்றேன். ஒடச்சுருவோம். எவன் கேக்குறான்னு பாப்போம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"ஒடச்சா லம்பெர்த்தோ பொழைச்சுப் போயிருவான். சாட்சி போச்சும்பாங்க." கறுப்புத் துணியின் முந்தியை இழுத்துவிட்டுக்கொண்டாள். துவைத்துத் துவைத்து அது சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது.

திங்கட்கிழமை மரத்தடியில் போர்ச்சுக்கீசியப் பாடம் ஆரம்பித்தேன். எனக்கே ஒரு பாடம் முன்னால்தான் தெரியும். பிள்ளைகளுக்குப் பின்னால், ஈரத் தரையில், ஒலிந்தா வந்து உட்கார்ந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. இந்தத் தடவை பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

"சொல்லுங்க வாத்தியாரே, மொதல்லேருந்து" என்றாள்.

நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு முதல் எழுத்தை எழுதினேன்.