விசாரிக்க வருகிறவர்களின் நாற்காலி

பச்சைக் கோடு போட்ட கான்வாஸ் துணியும் தேய்ந்து வழவழத்த கைப்பிடியுமாக ஒரு மடக்கு நாற்காலி. மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில், படியேறி வந்ததும் எதிர்ப்படும் முதல் வீட்டு வாசலில், சுவரோடு சாய்ந்து நிற்கும். வரிசையாக வீடுகள், எல்லா வீட்டுக்கும் பொதுவாக முன்னால் ஒரு நீண்ட கேலரி. அந்த முதல் வீட்டு மாமி அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆபீஸிலிருந்து அலுத்துக் களைத்து வரும் மாமாவுக்குக்கூட அதை விரித்துப் போட்டதில்லை. மாமி கேலரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்லுவாள். நாற்காலி விரிந்துவிட்டால் மட்டும் கேலரி முழுக்கக் குரல்கள் தணிந்துவிடும். யாரோ யார் வீட்டுப் பெண்ணையோ விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஊரில் என்றால் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைச் சொல்லத் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பம்பாயில் யாரைப் போய்க் கேட்பது? அதனால் இங்கே ஒரு வழக்கம். ஜாதகம் பொருந்தியபின், பெண் பார்க்க வருவதற்கு முன், பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் கட்டிடத்துக்கு வருவார்கள். பெண் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள். நெடுநாள் குடியிருக்கும் யாரையாவது பிடித்து, பெண் எப்படி, குடும்பம் எப்படி என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பெண் வீட்டாருக்கும் இது தெரியும். தெரியாததுபோல் உள்ளே இருந்துகொள்வதுதான் மரியாதை. எங்கள் கட்டிடத்தில் உலக யுத்தத்துக்கு முந்தியே குடிவந்தவள் மாமி. படியேறினால் முதலில் தட்டுப்படுவதும் மாமிதான். வேறு யாரைக் கேட்பார்கள்?

எதிரே ஒரு காலேஜ். அதன் மரங்கள் எங்கள் கேலரி உயரத்துக்கு வளர்ந்திருந்தன. மணி அடித்தால் எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் கேட்கும். அந்த மணியை வைத்துத்தான் மாமி உலை வைப்பாள், குழாய்த் தண்ணீர் பிடிப்பாள், மாமாவை எழுப்புவாள். பள்ளிக்கூடத்தில் நாலைந்து வருஷங்களுக்கு மேல் காலை வைக்காதவள், காலேஜைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பிரின்சிபாலே கைகட்டிக் கேட்க வேண்டும். "ஜூன் மாசத்துல மாட்டுங்காவுக்கு ரெண்டு வரும்டி, மழையும் அட்மிஷனும். ரெண்டுலயும் குடை இல்லாதவன் நனைஞ்சுதான் போகணும்" என்பாள். ஹாஸ்டல் பையன்களைப் பற்றி: "வரச்சே அப்பளம் மாதிரி வரான்கள். ஒரு வருஷம் பம்பாய் எண்ணெயில போட்டா எப்படிப் பொரிஞ்சு பெரிசாயிடறான்கள் பாரு!" செம்பூருக்கு வீடு மாற்றிக்கொண்டு போகிறவர்கள் மேல் அவளுக்கு இரக்கம்தான் உண்டு. "அங்கே என்ன இருக்கு? இடம் இருக்கு. இடத்தை வச்சிண்டு என்ன பண்றது, கபடி ஆடறதா?" ஊர்க் குப்பையெல்லாம் போய்ச் சேரும் தேவ்நார் என்று யாராவது வாயெடுத்தால் புடவைத் தலைப்பு மூக்குக்குப் போய்விடும்.

ஆனால் பெண்கள் படிப்பதைப் பற்றி அவள் கேலியாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. காலையில் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு காலேஜ் வாசலில் நுழையும் பெண்களை ஒன்றுவிடாமல் பார்ப்பாள். கேலரியில் தாத்தா யாராவது முணுமுணுத்தால் பாய்ந்துவிடுவாள். "படிக்கட்டும், உங்களுக்கு என்ன? இது தஞ்சாவூர் இல்லை. இது மாட்டுங்கா, தெரிஞ்சுக்கோங்கோ!" இந்த 'இது மாட்டுங்கா' அவளுக்கு ஒரு முத்திரை மாதிரி. எந்த வாதத்தின் அடியிலும் குத்திவிட்டுப் போய்விடுவாள்.

அந்தப் பெண்களில் என் அக்காவும் ஒருத்தி. கெமிஸ்ட்ரி. அவள் பி.எஸ்ஸி. கடைசி வருஷத்துக்குப் போக இருந்தபோது நான் மெட்ரிக்கைத் தாண்டாதவள். இரண்டு பேரும் ஒரே பாயில் படுப்போம். பி.எஸ்ஸி. முடித்து, ஏதாவது லேபில் வேலைக்குப் போய், முதலில் எனக்கு ஒரு ரிஸ்ட் வாட்ச் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள். லேபில் ஆசிட் தெறித்து அவளுடைய நீலப் புடவையில் சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டை விழுந்திருந்தது. அம்மா அழுதாள். அக்கா அதைத் தைக்கவிடவில்லை. பெருமையாகக் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

கோடை விடுமுறையில் டில்லியிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தியது. பையன் மத்திய சர்க்காரில் வேலை. பெண் படிப்பை முடித்துவிட்டு வந்தால் போதும் என்று பையனே சொன்னதாகத் தரகர் சொன்னதும் அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! படிப்பு, கல்யாணம் இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் வருவது எங்கள் கட்டிடத்தில் அதுவரை நடக்காத காரியம். ஒரு சாயங்காலம் பையனின் அம்மாவும் மாமாவும் படியேறி வந்தார்கள். பச்சைக் கோட்டு நாற்காலி விரிந்தது. அம்மாளுக்கு நாற்காலி, கூட வந்தவருக்கு ஸ்டூல், இரண்டு பேருக்கும் காப்பி. அம்மா, அக்கா, நான் மூவரும் கதவை ஒருக்களித்துவிட்டு உள்ளே மூச்சுவிடாமல் நின்றோம்.

"பொண்ணு எப்படி?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"எப்படின்னா? ஏ ஒன்! அதோ தெரியறதே காலேஜ், அதிலதான் கெமிஸ்ட்ரி படிக்கிறா. புரொபசர் போர்டுல தப்பா எழுதினா எழுந்து நின்னு சொல்லிடுவா. அவ்வளவு தைரியம்!"

"ஓஹோ."

"அவ அப்பாகூட எந்தப் பேப்பர்லயும் அவளைக் கேக்காம கையெழுத்துப் போட மாட்டார். லேப் முடிஞ்சு விளக்கு வச்சப்புறம் தனியாத்தான் வருவா. பயம்னா என்னன்னு கேப்பா! கொடியில நீலப் புடவை காயறது பாருங்கோ. ஓட்டை தெரியறதோ? ஆசிட். படிக்கிற பொண்ணுக்கு அதுதான் ஜரிகை."

அக்கா சுவரில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை அப்படிப் புகழ்ந்ததில்லை. அம்மா மட்டும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேருமே கேட்டது ஒரே வார்த்தைகளைத்தானே?

தரகர் நாலு நாள் கழித்து வந்தார். "பொண்ணு ரொம்ப சாமர்த்தியசாலியாம். அவா பிள்ளை சாதுவாம்" என்றார். அவ்வளவுதான். அடுத்து ஒரு இடம் வந்து விசாரித்தது, மாமி இன்னும் உற்சாகமாகப் புகழ்ந்தாள், அதுவும் போயிற்று. அப்பா ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், "போதும். படிச்ச வரைக்கும் போதும்" என்றார். அவர் கொடுங்கோலர் ஒன்றுமில்லை. மகளைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதவர்தான். ஆனால் அதை ஊரார் வாயால் கேட்டதும் அவருக்கே அவமானமாகிவிட்டது. அக்கா வாதாடிப் பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். ஜூன் பிறந்தது, மழை வந்தது, காலேஜ் திறந்தது. அவள் கேலரியில் நின்று கறுப்புக் குடைகள் வாசலில் நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமி வந்தாள். "ஏண்டி, நீ போகலையா? ஜுரமா?"

உள்ளேயிருந்து அம்மாதான் சொன்னாள்: "ஜுரம் இல்லை மாமி. உங்க வாய்."

அம்மா யாரையும் அப்படிப் பேசுகிறவள் இல்லை. மாமி தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கேலரிக்கு மாமி வராமல் கழிந்த சாயங்காலம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மறுநாள் வழக்கம்போல் வந்து தக்காளி விலையைப் பற்றிப் பேசினாள்.

அக்காவுக்கு ஒருவழியாகச் செம்பூர்ப் பக்கம் திலக் நகரில் ஓர் இடம் அமைந்தது. வயது கொஞ்சம் கூடுதல். விசாரிக்கவே வராத இடம். அத்திம்பேர் நல்லவர். அவளை ஒன்றும் சொல்வதில்லை, ஒன்றும் கேட்பதுமில்லை. கல்யாணத்துக்குச் சம்மதிக்க அக்கா அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "இவளை நடுவில நிறுத்தக் கூடாது." இவள் என்றால் நான். அந்த ஒரு வாக்கியத்தின் மேல் ஏறித்தான் நான் காலேஜுக்குப் போனேன், பி.ஏ. முடித்தேன், இப்போது எம்.ஏ. வகுப்புக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை வருஷமும் மாமியின் மேல் எனக்கு ஒரு தீர்மானம் இருந்தது. படிக்காதவள், படிக்கிற பெண்ணைப் பார்த்து வயிறெரிந்து, புகழ்வதுபோல் புகழ்ந்து குடியைக் கெடுத்தாள். இந்த விளக்கம் எனக்கு வெகு சௌகரியமாக இருந்தது. அவள் காலேஜைப் பற்றி வாய் திறந்தாலே நான் உள்ளே போய்விடுவேன். 'இது மாட்டுங்கா' என்று அவள் சொல்வது நின்றுபோயிருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

போன தீபாவளி கழிந்து என்னை விசாரிக்க வந்தார்கள். அக்கா அப்போது குழந்தையோடு எங்கள் வீட்டில் இருந்தாள். அந்த நீலப் புடவை உத்தரத்தில் தூளியாகத் தொங்கியது. குழந்தை ஆசிட் ஓட்டையில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. வெளியே நாற்காலி விரிகிற சத்தம் கேட்டது. பிள்ளையின் அத்தையாம், ஒரு தடித்த அம்மாள். கான்வாஸ் முனகிற்று.

"சாது" என்றாள் மாமி. "கேலரியில அவ குரலைக் கேட்டதே இல்லைன்னா பாருங்கோ."

நான் விழித்தேன். எங்கள் கட்டிடத்தில் என் குரலைக் கேட்காதவர்கள் செவிடர்கள் மட்டும்தான்.

"காலேஜுக்குப் போறாளாமே?"

"அதுவா? ஆத்துல பொழுது போகலைன்னு போயிண்டிருக்கா. படிப்புல அப்படி ஒண்ணும் பிரமாதம் இல்லை. நாளைக்கே நிறுத்துன்னா நிறுத்திட்டு அடுக்களையில வந்து நிப்பா. அம்மா கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டா."

"அப்படித்தான் வேணும் எங்களுக்கு" என்றது அந்த நாற்காலி.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பேசாம இருடி. வாயைத் திறக்காம இருந்தா பாஸாயிடுவே" என்றாள் மெதுவாக. அவள் அதைக் கேலியாகச் சொல்லியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. நிஜமாகச் சொன்னாள். புரொபசரை எழுந்து நின்று திருத்தியவள், வாயை மூடிக்கொள் என்று எனக்குப் புத்தி சொல்கிறாள். நான் கையை விடுவித்துக்கொண்டு வெளியே போய் அந்த அம்மாளின் எதிரில் நின்றேன்.

"நான்தான் அந்தப் பொண்ணு. நாளைக்கு நிறுத்துன்னா நிறுத்த மாட்டேன். எம்.ஏ. முடிக்கணும். முடிச்சப்புறம் வேலைக்கும் போகணும்."

அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. மாமியைப் பார்த்தாள். "சாதுன்னேளே?" என்றாள். எழுந்தாள். காப்பி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

படியில் செருப்புச் சத்தம் இறங்கி மறைந்ததும் மாமி என் மேல் பாய்ந்தாள். "பாவி! உனக்காக வாய் கூசாம இத்தனை பொய் சொன்னேனேடி!"

"அந்தப் பொய்யை அக்காவுக்குச் சொல்லியிருக்கலாமே மாமி."

எத்தனையோ வருஷமாகத் தீட்டி வைத்திருந்த கத்தி அது. எறிந்துவிட்டேன். மாமி கேலரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எதிரே காலேஜ் மரங்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அப்போ எனக்குத் தெரியாதுடி. பொண்ணு படிக்கிறா, தைரியமா இருக்கான்னு சொன்னா கேக்கறவாளுக்கும் பெருமையா இருக்கும்னு நெனச்சேன். இத்தனை வருஷமா இந்த மணியைக் கேட்டுண்டே இருந்தேனோன்னோ, ஊரே மாறிடுத்துன்னு நெனச்சுட்டேன். உங்கக்கா படிப்பு நின்னப்புறம்தான் புரிஞ்சுது. அதுலேர்ந்து யார் வந்து கேட்டாலும் சாதும்பேன், மக்கும்பேன். எல்லாம் நடந்துடறது. இந்தக் கட்டிடத்துல நாலு கல்யாணம் அப்படித்தான் நடந்தது."

பொறாமைக்காரி என்றே இருந்திருக்கலாம். வெறுத்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். இந்த நகரத்தை எங்கள் எல்லாரையும்விட அதிகமாக நம்பியவள் அவள் ஒருத்திதான். அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தது மட்டும் என் அக்கா. அக்காவின் படிப்பைக் கொண்டு மாமி உலகத்தைப் படித்துக்கொண்டாள். படித்ததைக் கொண்டு எங்கள் கட்டிடத்துப் பெண்களை ஒவ்வொருத்தியாக மக்காக்கிக் கல்யாணம் பண்ணி அனுப்பினாள். அவர்களும் நன்றியோடு போனார்கள். இதில் யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஆனால் கோபம் மட்டும் இருக்கிறது.

அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அந்த அத்தையம்மாள் கதையை மாட்டுங்கா மார்க்கெட் வரை பரப்பிவிட்டாள் போலிருக்கிறது. புதிதாக யாரும் படியேறி வருவதில்லை. ஒரு நாள் மாமி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் சாய்த்து வைத்தாள். "எடுத்துக்கோ. உக்காந்து படி" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மழையைப் பற்றியோ ஹாஸ்டல் பையன்களைப் பற்றியோகூட.

சாயங்காலங்களில் நான் அதில் உட்கார்ந்துதான் படிக்கிறேன். போன சனிக்கிழமை அக்கா வந்தாள். தட்டில் சாதம் பிசைந்துகொண்டு குழந்தையோடு கேலரிக்கு வந்தவளுக்கு நான் எழுந்து நாற்காலியைக் காட்டினேன். அவள் கான்வாஸை ஒரு விரலால் தடவினாள்.

"வேண்டாம்டி. இது விசாரிக்க வரவா உக்கார்றது."

தரையில் உட்கார்ந்துகொண்டாள், காலேஜுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மணி அடித்தது. அவள் கை சாத உருண்டையோடு குழந்தையின் வாய்க்கு முன்னால் அப்படியே நின்றது. மணி ஓய்ந்ததும் ஊட்டினாள்.