பக்கத்து சீட்டில் ஆள் இல்லாதபோது

பேய்க் கதை என்றதும் நடு ராத்திரி, நாய் ஊளை, அணைந்து அணைந்து எரியும் விளக்கு என்று எதிர்பார்க்கிறவர்கள் வேறு யாரிடமாவது போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். இது பட்டப்பகலில் நடந்தது. நடந்தது என்றால் நடந்ததுதான், கதை கட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நடந்தது எங்கள் கியர் அண்ணனுக்கு. அவர் பொய் சொல்கிற ஆளும் இல்லை, பயப்படுகிற ஆளும் இல்லை. அன்றைக்கு அப்புறம் இரண்டாவதை மட்டும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. என் உதிரிபாகக் கடைக்கு அடுத்த கதவுதான் அவருடைய பட்டறை. நாலு பேர் பார்த்துக் கைவிட்ட வண்டி கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். கொஞ்சம் முன்கோபி. வண்டி முரண்டு பிடித்தால் அதை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வேலை பார்ப்பார்.

அந்தத் தடவை வந்து நின்றது அவருடைய தங்கையின் கார். அவளுக்கு நிறைமாதம். புருஷனுக்குக் கப்பலில் வேலை, பிரசவத்துக்கு வந்து சேர வழியில்லை. வீடு ஊரைவிட்டுத் தள்ளி, பாலத்துக்கு அந்தப் பக்கம். முதல் பிள்ளைக்கு வலி எடுத்தபோது வாடகை வண்டிக்குப் போன் போட்டுவிட்டு வாசலில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். வண்டி வந்தது, பிள்ளைதான் தங்கவில்லை. அழுது முடித்து அவள் செய்த முதல் காரியம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது. அடுத்த காரியம் அண்ணனைக் கூட்டிப்போய் இந்தப் பழைய காரை வாங்கியது. "இந்தத் தடவை எந்த வண்டிக்காகவும் நான் வாசல்ல நிக்க மாட்டேன்" என்றாள்.

வண்டி நல்ல வண்டி என்று சொன்னவர் கியர் அண்ணன். அந்த வார்த்தைதான் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் இப்போது வண்டி அவளைப் படாத பாடு படுத்தியது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது முதுகில் எட்டி உதைத்த மாதிரி ஒரு வெட்டு. சில நேரம் இன்ஜின் மட்டும் உறுமும், வண்டி இழுக்காது. வலி எடுத்து வருகிற வழியில், பாலத்தின் மேல் இப்படி ஆனால்?

முறைப்படி பார்த்தார். கியர் ஆயிலைத் தொட்டு வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். நல்ல சிவப்பு, கருகின வாடை இல்லை. ஸ்கேனரை மாட்டினார், ஒரு பழுதும் காட்டவில்லை. ஆயில் அழுத்தம் அளந்தார், அதுவும் சரி. பட்டறையில் கூட வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியனைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையிலேயே தங்கை திரும்பி வந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. பாலத்தில் மூன்று தடவை வெட்டியதாம். கியர் அண்ணனுக்கு உடனே ஒரு சந்தேகம். புதிதாக ஓட்டுகிறவர்களில் சிலர் வலது காலால் ஆக்சிலரேட்டரும் இடது காலால் பிரேக்குமாக மிதிப்பார்கள். இரண்டும் ஒன்றாக மிதிபட்டால் ஆட்டோமேட்டிக் குழம்பிப்போகும். பிடியை விடும், இன்ஜின் வீணாக உறுமும், பிரேக்கை விட்டதும் வெட்டிக்கொண்டு கியர் விழும். அதைத்தான் அவளிடம் கேட்டார்.

"எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்றியா?" என்று அவள் சண்டைக்கு வந்துவிட்டாள். பட்டறை நாற்காலியில் உட்கார்ந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரி, நானே போய்ப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு அவர் தனியாகக் கிளம்பினார். இரண்டாவது தெருவிலேயே விழுந்தது உதை. தலை சீட்டில் போய் மோதியது. திட்டிக்கொண்டே திரும்பி வந்து எலக்ட்ரீஷியனை ஏற்றினார், அதே தெரு, அதே வேகம். ஒன்றுமில்லை. இறக்கிவிட்டுத் தனியாகப் போனார். உதை. மறுபடி ஏற்றினார். வெண்ணெய்.

"வண்டிக்கு என்னைப் பிடிச்சிருக்குண்ணே, உங்களைத்தான் பிடிக்கல" என்று எலக்ட்ரீஷியன் சிரித்தான். கியர் அண்ணன் சிரிக்கவில்லை. பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் பழுது இல்லை, ஆள் இல்லாவிட்டால் பழுது. இந்த மாதிரி ஒரு கியர்பாக்ஸை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

மதியம் மூன்று மணி இருக்கும். ஸ்கேனரை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு தனியாகப் போனார். ஊருக்கு வெளியே நீளமான ரோடு, நல்ல வெயில். வேகம் எடுத்தார். வெட்டியது. ஸ்கேனரைப் பார்த்தார்.

பிரேக்: மிதிபட்டிருக்கிறது.

குனிந்து காலைப் பார்த்தார். வலது கால் ஆக்சிலரேட்டரில் இருந்தது. இடது கால் சும்மா இருந்தது. பிரேக் சுவிட்ச் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததும் மனசு லேசானது. சுவிட்ச்தானே, பத்து நிமிஷ வேலை.

அடுத்த வளைவு வந்தது. அவர் பார்வை இன்னும் கீழேதான் இருந்தது.

பிரேக் பெடல் தானாக... மெதுவாக... கீழே இறங்கியது.

சுவிட்ச் கெட்டால் பெடல் இறங்காது.

வளைவு முடிந்ததும் பெடல் மேலே வந்தது. அவசரமே இல்லாமல். பழகின கால் எடுப்பதுபோல.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டு பெல்ட் போடவில்லை என்று வண்டி எச்சரித்தது. சீட்டில் யாரும் இல்லை. ஆனால் சீட்டின் பஞ்சு அமுங்கியிருந்தது.

எப்படித் திரும்பி வந்தார் என்று அவருக்கே தெரியாது. வந்ததும் பக்கத்து சீட்டின் காலடி விரிப்பைத் தூக்கினார். போன வாரம்தான் அவர் கையால் பழைய விரிப்பின் மேலேயே புது விரிப்பு போட்டிருந்தார். அதில் குதிகால் அழுந்துகிற இடம் அதற்குள் தேய்ந்து நூல் தெரிந்தது. பழைய விரிப்புக்கும் அடியில், தகரத்தில், ரம்பத்தால் அறுத்த ஓர் இரும்புத் தண்டின் அடிக்கட்டை.

இது என்ன என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் மாஸ்டர் உட்காருகிற பக்கம் இரண்டாவது பிரேக் ஒன்று வைப்பார்கள். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் மாஸ்டர் மிதிப்பார். ஸ்கூல்காரர்கள் வண்டியை விற்கும்போது அதை நட்டு கழற்றி எடுப்பதுதான் வழக்கம், நல்ல பெடல் இன்னொரு வண்டிக்கு ஆகும். அறுக்க மாட்டார்கள். இதை ஏன் அறுத்தார்கள் என்று யோசித்தபடி நின்றார்.

இந்த வண்டி இனி தங்கைக்கு வேண்டாம். பிரசவம் வரைக்கும் தானே அவள் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வது, தன் காரில் கூட்டிப்போவது. இதை எப்படி அவளிடம் சொல்வது என்று திரும்பினால், அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். கீழே தரை நனைந்திருந்தது.

"அண்ணா... வந்துடுச்சு."

அவருடைய கார் கியர்பாக்ஸ் இறக்கி மேலே தூக்கி நிறுத்தியிருந்தது. மெக்கானிக்கின் சொந்த வண்டி என்றைக்கு ஓடியிருக்கிறது? எலக்ட்ரீஷியன் அப்போதுதான் ஒரு பேட்டரியை எடுத்துக்கொண்டு பைக்கில் போயிருந்தான். நான் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன். ஓடுகிற நிலையில் இருந்தது அந்த ஒரு கார்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் மறுபடியும் வாசலில் காத்து நிற்க வேண்டும்.

தங்கை முன்கதவைத் திறந்தாள். அவள் எப்போதும் முன்னால்தான் உட்காருவாள்.

இங்கேதான் கியர் அண்ணன் கதவைப் பிடித்துத் தடுத்தார். அவளை முன்னால் உட்காரவைத்தால் வண்டி வெண்ணெய் மாதிரி போகும், அது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த அமுங்கின சீட்டில்... நிறைமாத வயிற்றோடு... யார் மடியிலோ...

"பின்னாடி படு" என்று கத்தினார். அவள் பின்கதவைத் திறந்து ஏறிச் சாய்ந்துகொண்டாள்.

கிளம்பினார்கள்.

முதல் கியர். இரண்டாவது. வெட்டு. பின்னால் அவள் அலறினாள்.

ஆக்சிலரேட்டரை அழுத்தினார். இன்ஜின் உறுமியது, வண்டி இழுக்கவில்லை. பெடல் கீழே இருந்தது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன.

டிங்... டிங்... டிங்...

"அண்ணா, நின்னுடாத. தயவு செஞ்சு நின்னுடாத."

ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருக்கிற ரயில்வே மேம்பாலம் வந்தது. வேகம் ஏற ஏற பெடல் இறங்கியது. இடது காலைக் கொடுத்து அதைக் கீழிருந்து மேலே நெம்பினார். நகரவில்லை. பட்டறையில் எத்தனையோ இறுகிப்போன நட்டைக் கழற்றியவர் அவர், இந்த மாதிரி ஒரு பிடியை அவர் பார்த்ததில்லை.

பாலத்தின் நடுவில் வண்டி ஊர்ந்தது. பிறகு நின்றேவிட்டது.

பின்னால் தங்கையின் சத்தமும் நின்றுவிட்டது. அதுதான் அவரை உலுக்கியது. வாசலில் நின்ற அந்த முதல் தடவையும் கடைசியில் அவள் இப்படித்தான் சத்தமில்லாமல் போனாளாம்.

அவருக்கு அழுகை வந்தது. காலி சீட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாஸ்டர். ஓட்டுறது நான்தான். பதறாம ஓட்டுவேன், சத்தியமா. என் தங்கச்சி புள்ளைய இன்னொரு தடவை விட முடியாது. காலை எடுங்க மாஸ்டர்."

ஒன்றும் நடக்கவில்லை.

டிங்...

டிங்...

நின்றது.

சீட்டின் பஞ்சு மெதுவாக மேலே எழுந்தது.

பெடலும் எழுந்தது.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது... கியர் விழுவதே தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை அவர் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பிள்ளை பிறந்தது. பெண். அவள் போட்ட கூச்சல் வராந்தா முழுக்கக் கேட்டது. கியர் அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அப்போதுதான் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்து சேர்ந்தேன். ஆகவே அடுத்து வருவதை நானே என் காதால் கேட்டேன்.

உள்ளே போய்ப் பார்த்தபோது தங்கை களைப்பாகச் சிரித்தாள். நர்ஸிடமிருந்து பிள்ளையை வாங்கி அண்ணன் கையில் கொடுத்தாள். பிறகு கேட்டாள், அந்தப் பெரியவர் போய்விட்டாரா என்று.

எந்தப் பெரியவர் என்று அண்ணன் கேட்டார்.

"பாலத்துல ஏறினாரே. பின்னாடி என் பக்கத்துல உட்கார்ந்து, வர்ற வழியெல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரே. கை ரொம்ப ஜில்லுன்னு இருந்துச்சு. பாவம், அவருக்குக் கால் சரியில்லபோல. பாதத்துல ஏதோ இரும்பு மாட்டியிருந்துச்சு."

கியர் அண்ணன் பிள்ளையைச் சட்டென்று என் கையில் கொடுத்துவிட்டார்.

இரண்டு வாரம் அலைந்து அந்த டிரைவிங் ஸ்கூலைக் கண்டுபிடித்தோம். நானும் கூடப் போனேன். அதை நடத்துகிற அம்மா முதலில் பேச மறுத்தார். கியர் அண்ணன் நடந்ததை எல்லாம் சொன்னதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

மாஸ்டர் அந்தம்மாவின் சொந்த அண்ணன். பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்த சீட்டிலேயே மாரடைப்பு. ஓட்டிக்கொண்டிருந்தவள் கற்றுக்குட்டிப் பெண், பயத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டாள். எதிரே ஸ்கூல் பிள்ளைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். ஆனால் வண்டி நகரவில்லை. இன்ஜின் உறுமியதே தவிர ஓர் அடி நகரவில்லை. டாக்டர் வந்து பார்த்து, உயிர் போய் வெகு நேரம் ஆகிவிட்டது என்றார். அப்போதும் கால் பிரேக்கை அழுத்தியபடிதான் இருந்ததாம்.

"நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். அந்தக் கால் வரல. கடைசியில தண்டை அறுத்துத்தான் அண்ணனை வெளிய எடுத்தோம்."

கியர் அண்ணன் மெதுவான குரலில் கேட்டார். "அந்தப் பெடல் இப்போ எங்கம்மா இருக்கு?"

அந்தம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"காலை விட்டு அது வரவே இல்லப்பா. அதோடயேதான் அவரைப் புதைச்சோம்."