படப்பை முதலில், வாலாஜாபாத் கடைசியில்

1. திரும்பி வந்த நாள்

மேனகா பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியது ஆவணி மாதத்தின் முதல் திங்கட்கிழமை. நாளைத் தவறாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. அன்று காலை வண்டியின் ஏர் ஹாரன் வேலை செய்யவில்லை. அதை ட்ரிப் ஷீட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அவள் படியில் நின்றிருந்தாள்.

"இன்னாணா, என் சீட்டு கீதா, யாருக்காவது குட்த்துட்டீங்களா?"

"கீதும்மா. கொழந்த எப்டி இருக்கு?"

"தூங்குது. அது முழிக்கறதுக்குள்ள ஓடியாந்துட்டேன்."

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயரிங் ஹார்னஸ் என்னும் ஒயர்க் கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி டிராவல்ஸ்காரருடையது, ஜெனரல் ஷிப்ட்டுக்கு மட்டும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டுவதை விட்டுவிட்டேன். இன்று ஸ்டாஃப் பஸ்ஸில் ஏறி உட்காரும் இளம் டிரைவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ரூட்டைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி நடுவில் இருக்கிறது. கிழக்கே படப்பை, மேற்கே வாலாஜாபாத். படப்பையில் ஹாஸ்டலும் வாடகை அறைகளும் அதிகம். ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான். வாலாஜாபாத் பக்கம் எட்டுப் பேர். நானும் அந்தப் பக்கத்து ஆள் என்பதால் வண்டி இரவில் அங்கேயே நிற்கும். காலையில் மேற்கே இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு, கம்பெனி கேட்டைத் தாண்டி படப்பைக்குப் போய், அங்குள்ளவர்களோடு திரும்பி வருவேன். மாலையில் படப்பை முதலில், வாலாஜாபாத் கடைசியில்.

மேனகாவின் ஊர் வாலாஜாபாத்துக்குக் கொஞ்சம் முன்னால். ஆகவே ஏறக்குறைய முதலில் ஏறுபவளும் அவள்தான், ஏறக்குறைய கடைசியில் இறங்குபவளும் அவள்தான். வேலை முடிந்ததும் அவளை வீட்டுக்கு எதிர்த்திசையில் கொண்டுபோய், ஒரு மணி நேரம் கழித்து அதே கம்பெனி கேட் வழியாகத் திரும்பக் கொண்டுவருவேன். அவள் புருஷனுக்கு வேறொரு கம்பெனியில் செகண்ட் ஷிப்ட். அந்த நேரத்துக்கு மேற்கே ஷேர் ஆட்டோ கிடையாது. டவுன் பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

அவள் கான்ட்ராக்ட் ஆள். பிள்ளைக்கு நாலாவது மாதம் முடிந்ததும் கூப்பிட்டுவிட்டார்கள்.

2. பூண்டு வாசனை

மேனகாவின் மகள் பிறக்கும்போதே எடை குறைவு. தாய்ப்பாலில்தான் தேறிக்கொண்டு வந்தாள். மேனகா வேலைக்கு வந்த பிறகு மாமியார் புட்டியில் பவுடர் பால் கொடுத்தார். இரண்டு முறை பேதியாகி, ஏறிய எடை இறங்கியது. புரட்டாசியில் மேனகாவுக்குப் பாலும் குறையத் தொடங்கியது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பஸ்ஸில் பேசுவது டிரைவருக்குக் கேட்கும். முதலில் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். ஒரு வாரத்தில் என்னையும் கியர் பாக்ஸோடு சேர்த்துவிட்டார்கள்.

படப்பையில் ஏறும் லூர்து மேரி அக்கா எங்கள் வண்டியிலேயே மூத்தவர். அவர்தான் ஆரம்பித்து வைத்தார்.

"பால் சுறா வாங்கி புட்டு செஞ்சி துன்னுடி. மூணே நாளு. தொறந்த கொழா மாரி கொட்டும்."

"சுறாவுக்கு எங்கக்கா போவேன்? எங்க ஊருக்கு மீன்காரரு வர்றதே வாரத்துல ஒருவாட்டி. அவரும் மத்தி தான் வச்சிகினு வருவாரு."

பேச்சியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். படப்பை ஹாஸ்டலில் இருந்தாள். "எங்கூர்ல பிள்ள பெத்தவளுக்கு உள்ளியும் கருப்பட்டியும் போட்டு லேகியம் கிண்டுவாங்கக்கா. அம்மைட்ட சொல்லியிருக்கேன், கொடுத்து விடுவா" என்றாள். உள்ளி என்றால் பூண்டு என்பது அன்று எங்களுக்குத் தெரிந்தது.

மறுவாரம் லேகியம் வந்தது. லூர்து அக்கா சுறாப்புட்டு செய்து டப்பாவில் கொண்டுவந்தார். ஒருத்தி முருங்கைக்கீரை, ஒருத்தி பச்சைப் பப்பாளிக் கூட்டு, ஒருத்தி வெந்தயக் கஞ்சி. நானும் என் பங்குக்கு வாலாஜாபாத் சந்தையில் நாட்டுப் பூண்டு வாங்கிக் கொடுத்தேன். வண்டி முழுக்கப் பூண்டு வாசனை. "இது ஸ்டாஃப் பஸ்ஸா, ஊறுகா கம்பெனி வண்டியா?" என்று செக்யூரிட்டி கேட்டார்.

மேனகா எல்லாவற்றையும் சாப்பிட்டாள். முகம் தெளிந்தது. பால் கூடவில்லை.

3. செவிலியர் சொன்னது

குழந்தைக்கு எடை பார்க்கப் போன இடத்தில் மேனகா கிராமத்துச் செவிலியரிடம் கேட்டிருக்கிறாள். அந்த அம்மா சொன்னதை மறுநாள் காலை என்னிடம் அப்படியே சொன்னாள். அப்போது வண்டியில் எங்களைத் தவிர இரண்டு பேர்தான், அவர்களும் தூக்கத்தில்.

"சாப்பாடு வேணாம்னு சொல்லலண்ணா. பசிக்குச் சாப்டு, தாகத்துக்குத் தண்ணி குடி, முடிஞ்சப்போ தூங்கு. ஆனா கொழந்த வாய் வச்சு இழுக்க இழுக்கத்தான் ஊறுமாம். இழுக்கலன்னா, வேணாம் போலன்னு ஒடம்பே நிறுத்திடுமாம்."

"நீ ராத்திரியும் காத்தாலயும் குடுக்கறதான?"

"குடுக்கறேன். மத்தியானம் ஃபர்ஸ்ட் எய்ட் ரூம்ல போய்ப் பீச்சி எடுத்துட்டு வர்றேன். சாயந்தரம் தாண்ணா சிக்கல். அஞ்சரைக்கெல்லாம் கல்லு மாரி ஆயிடுது. அங்க அது ஆறு மணி வரிக்கும் அழுவுது. அத்தையால தாங்க முடியாம புட்டியக் குட்த்துடறாங்க. நான் ஏழுக்கு மேல போறேன். வயிறு ரொம்பித் தூங்கிடுது. எழுப்பி வச்சாலும் ரெண்டு வாய் இழுத்துட்டு வுட்டுடுது."

நான் கியரை மாற்றினேன். கம்பெனி கேட் வந்தது. வழக்கம்போல அதைத் தாண்டிப் படப்பைக்குப் போனேன்.

அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுறாவில் இல்லை, என் பூண்டிலும் இல்லை. என் ரூட்டில் இருந்தது.

4. கை தூக்கச் சொன்னேன்

டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசரிடம் போனேன். மாலையில் மட்டும் வாலாஜாபாத் பக்கத்தை முதலில் முடிக்கலாமா என்று கேட்டேன்.

"எட்டு பேருக்காக மீதிப் பேரையெல்லாம் சுத்த வைக்கச் சொல்றியா? அவங்க ஒத்துக்கினா எனக்குப் பிரச்சினை இல்லப்பா. கம்ப்ளெயின்ட் வந்தா உன் தலைல தான்."

நியாயமான பதில். அதன் பிறகு நான் செய்ததுதான் நியாயமில்லை. அன்று மாலையே, எல்லாரும் உட்கார்ந்த பிறகு, எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். யூனியன் கூட்டங்களில் பார்த்த பழக்கம்.

மேனகா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

கைகள் சில உயர்ந்தன. லூர்து அக்கா தூக்கவில்லை. "டிரைவரே, எங்க வூட்டுக்காரருக்கு ஆறரைக்கு இன்சுலின் போடணும். அவருக்குக் கண்ணு தெரியாது. நான் இன்னா பண்ணட்டும் சொல்லு?" என்றார். பேச்சியம்மாள் கை மடியிலேயே இருந்தது. "ஏழு மணிக்கு மேல போனா ஹாஸ்டல்ல சோறு இருக்காதுண்ணே" என்று மெல்லச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னாலிருந்து ஒரு பையன், "நாங்க மட்டும் இன்னா சும்மாவா உக்காந்துகினு வந்தோம்? காத்தால நின்ன கால் இன்னும் நின்னுகினு கீது" என்றான். சிலர் சிரித்தார்கள்.

நான் எண்ணத் தொடங்குவதற்குள் மேனகாவே எழுந்துவிட்டாள்.

"வுடுங்கண்ணா. எனக்காக யாரும் லேட்டாப் போவ வேணாம். வண்டிய எடுங்க."

வண்டியை எடுத்தேன். இடது பக்கம், படப்பைக்கு. அதுவரை அவளுக்கு உணவு கொண்டுவந்தவர்கள் மறுநாளும் கொண்டுவந்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள். பேச்சுதான் குறைந்துபோயிற்று.

5. ரோட்டு வேலை நடந்த வாரம்

ஐப்பசி மழைக்கு முன்னால் படப்பை ரோட்டில் ஒரு சிறுபாலத்தை உடைத்துக் கட்டினார்கள். ஒரு வாரத்துக்கு மாலை ஆறரை மணிவரை பெரிய வண்டிகளை அந்தப் பக்கம் விடவில்லை. நின்றுகொண்டிருப்பதற்குப் பதில் மேற்கே போய் வந்துவிடலாம் என்று சூப்பர்வைசரே சொன்னார். யாரும் கை தூக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் மேனகாவின் நிறுத்தத்தில் வண்டி நின்றபோது ஆறு மணிகூட ஆகவில்லை. சாலையோரத்தில் மாமியார் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அழுகைச் சத்தம் வண்டிக்குள் கேட்டது. மேனகா இறங்கிய வேகத்தில் அவள் டிபன் பை சீட்டிலேயே தங்கிவிட்டது. ஜன்னல் வழியே அதை நீட்டியது பேச்சியம்மாள்.

வாரக் கடைசியில், காலையில் ஏறும்போதே மேனகா சொன்னாள்: "நேத்து அவ வுடவே இல்லண்ணா. ஒரு பக்கம் முடிச்சிட்டு அடுத்த பக்கமும். மார் இளகின மாரி கீது. ராத்திரி தலகாணியெல்லாம் நனஞ்சி போச்சு." அவ்வளவு சிரிப்பை அவள் முகத்தில் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அந்த வாரம் லூர்து அக்காவின் கணவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண் இன்சுலின் போட்டாள். பேச்சியம்மாளின் சோற்றை அவள் அறைத்தோழி தட்டில் மூடி வைத்தாள். ஆக, முடியாத காரியம் எதுவும் அதில் இல்லை.

பாலம் முடிந்தது. திங்கட்கிழமை கேட்டில் வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தினேன். மறுபடி கேட்டால் மறுபடியும் அவளே எழுந்து 'வுடுங்க' என்பாளோ என்று எனக்குப் பயம். யாராவது சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். என்னிடமிருந்து வரட்டும் என்று அவர்கள் காத்திருந்திருக்கலாம். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். இடது பக்கம் திருப்பினேன்.

மார்கழி பிறப்பதற்குள் மேனகாவுக்குப் பால் நின்றுவிட்டது. அதைப் பற்றி அவள் வண்டியில் ஒன்றும் சொல்லவில்லை. மதிய இடைவேளையில் ஃபர்ஸ்ட் எய்ட் ரூமுக்குப் போகாமல் மற்றவர்களோடு கேன்டீனுக்குப் போகத் தொடங்கினாள். அதிலிருந்து தெரிந்துகொண்டோம். லூர்து அக்கா அன்று கொண்டுவந்த டப்பாவைத் திறக்காமலே திரும்ப எடுத்துப்போனார்.

6. அடுத்த வருஷம்

மறு ஆண்டு, மேனகாவுக்கு அடுத்த ஊரிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். அவள் வந்த அன்றே லூர்து அக்கா டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்.

"இந்த வாட்டி யாரையும் கைய தூக்கச் சொல்லாத, டிரைவரே. பக்கத்து வூட்டுப் பொண்ணாண்ட நான் பேசிட்டேன்."

நான் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன், டீக்கடையில், ஏறும் படியில். அந்தப் பெண்ணின் காதில் விழாதபடி. சிரமம் சொன்னவர்கள் இருந்தார்கள். இரண்டு பேர் ஷேர் ஆட்டோவுக்கு மாறிக்கொண்டார்கள். சூப்பர்வைசரிடம் ஒரு கம்ப்ளெயின்ட்டும் போகவில்லை. அவள் பிள்ளைக்கு ஒரு வயது முடியும்வரை மாலையில் வலது பக்கம்தான் திருப்பினேன்.

இளம் டிரைவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பிள்ளை பெற்றவள் உங்கள் வண்டியில் ஏறினால் பூண்டு வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் அவள் எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருகிறாள் என்று முதலில் பாருங்கள். உதவி வேண்டியவளை உட்காரவைத்துக்கொண்டு ஊரிடம் சம்மதம் கேட்காதீர்கள். கேட்டால், முதலில் வேண்டாம் என்பவள் அவளாகத்தான் இருப்பாள்.

ரூட்டை மாற்றிய முதல் மாலை அந்தப் பெண் இறங்கி, வரப்பைக் குறுக்கே தாண்டி ஓடினாள். அடுத்தது மேனகாவின் நிறுத்தம். அவள் மகள் பாட்டியின் விரலைப் பிடித்தபடி, கையில் பிஸ்கட்டோடு நின்றிருந்தாள். ஒல்லிதான், ஆனால் தன் காலில் நின்றாள். மேனகா படியில் ஒரு நிமிடம் நின்று வெளியே பார்த்தாள்.

"வெளிச்சத்துலயே வூடு வந்து சேர்றது நல்லா கீதுண்ணா" என்றாள். பிறகு இறங்கினாள்.