சூர்யகலா வசூலித்த வரி

ஓடைவாய்க்குப்பம் ஊராட்சித் தலைவர் சூர்யகலா அக்காவைப் பற்றி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால், நூற்றுக்கு நூறு வரி வசூலித்த தலைவர் என்பார்கள். சுவரில் போட்டோகூட மாட்டியிருக்கிறார்கள். அவருடைய சொந்த ஊர்க் கடற்கரையில் கேட்டுப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அது நடந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளத்துக்குப் பிரிகிற இடத்தில் என் கடை. ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைனில் பணம் கட்டுவது என்று பிழைப்பு ஓடுகிறது. அந்த வரியைக் கட்டியவர்கள் எல்லோரும் என் கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றவர்கள்தான். அதனால் இதை எழுத எனக்கு உரிமை இருக்கிறது. ஆத்திரமும் இருக்கிறது.

அக்கா மீன் விற்கிறவர். கணவர் பிரபாகரன் பைபர் படகில் பங்குக்குப் போகிறார். காலையில் படகுகள் கரையேறும்போது அக்கா ஏலத்தில் நின்று மீன் எடுப்பார், கூடையில் ஐஸ் போட்டு ஷேர் ஆட்டோவில் ஏற்றுவார், கூனிமேட்டுக்குப் போய் வீடு வீடாக விற்பார். அங்கே அவரிடம் வாங்கிப் பழகிய பாய் வீடுகள் வேறு கூடையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, ஊரிலேயே வாய் அதிகமுள்ள பெண் யார் என்று பார்த்து இவரை நிறுத்தினார்கள். ஜெயித்தார். ஜெயித்த மறுநாளும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"தலைவருக்குக் குடுக்கிற காசுல ஒரு கூடை சங்கரா எடுக்க முடியாது தம்பி" என்றார் என்னிடம்.

பல ஊர்களில் மனைவி பெயரில் பதவி இருக்கும், நாற்காலியில் கணவன் இருப்பான். இங்கே அந்தக் கூத்து இல்லை. பிரபாகரன் ஊராட்சி ஆபீஸ் வாசலை மிதித்ததில்லை. கேட்டால், "வீட்டுலயே அவகிட்ட பேசி ஜெயிக்க முடியல, அங்க போயி என்னா பண்றது?" என்பார்.

ஊராட்சியில் மீனவர் குப்பம் ஒன்று, எங்கள் உப்பளக் காலனி ஒன்று. இரண்டுக்கும் ஒரே தண்ணீர்தான். எங்கள் பக்கம் எங்கே போர் போட்டாலும் உப்புதான் வரும் என்பதால், உள்ளே தள்ளி ஏரிக்கரையில் போர் போட்டு, உப்பளத்து வரப்பு ஓரமாகக் குழாய் கொண்டுவந்திருந்தார்கள். பெஞ்சல் புயலில் பாத்திகள் மூழ்கியபோது குழாய் பல இடங்களில் பிளந்துவிட்டது. அதிலிருந்து நல்ல தண்ணீர் வெளியே போகிறது, பாத்தித் தண்ணீர் உள்ளே வருகிறது. அதில் டீ போட்டால் வாயில் வைக்க முடியாது. வசதியுள்ளவர்கள் கேன் வாங்கினார்கள். மற்றவர்கள் அதையே குடித்தார்கள். என் அம்மா பகல் முழுக்க உப்பு வாரிவிட்டு வந்து, வீட்டிலும் உப்பையே குடித்தார்.

புதுக் குழாய் கேட்டு அக்கா ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அங்கிருந்த அதிகாரி தன்மையான மனிதர். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்து, அதன் பிறகு இல்லை என்று சொல்லத் தெரிந்தவர்.

"நிதி இல்லம்மா. ஆனா உங்க ஊராட்சியில ஒருத்தர்கூட வீட்டு வரி கட்டறதில்ல. அத வசூல் பண்ணுங்க. அது உங்க காசு, உங்க ஊராட்சிக்கே வந்துரும். குழாய் நீங்களே போட்டுக்கலாம்."

இதை அக்கா பிறகு எத்தனையோ முறை என்னிடம் சொல்லிக் காட்டியிருக்கிறார், அந்த அதிகாரியின் ராகம் மாறாமல்.

குப்பத்தில் வரி என்றால் தலைக்கட்டு வரிதான். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. திருவிழா, படகு விபத்து, கோர்ட் செலவு எதுவானாலும் ஊர்ப் பெரியவரான நாட்டார் ஊரைக் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று போடுவார். கட்டாதவன் படகு கடலில் இறங்காது. வசூலுக்குப் பொறுப்பு ஏற்றவர் கெங்கையம்மன் கோயில் முன்னால், ஊர் மொத்தமும் இருக்கும்போது, பணம் எங்கே போனது என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் பொறுப்பு ஏற்றவர் தலையில்தான் விடியும், காரணமெல்லாம் கேட்க மாட்டார்கள். அரசாங்கத்து வீட்டு வரி வேறு ரகம். நோட்டீஸ் வரும். அதில் வடை மடித்துக் கொடுப்பார்கள்.

அரசாங்க வரியை ஊர் வரியாக மாற்றிவிட்டால் என்ன என்று அக்காவுக்குத் தோன்றியது. வேறு எந்த ஊர்க்காரிக்கும் இப்படித் தோன்றியிருக்காது. வரி என்றால் ஊருக்குத் திரும்பி வருவது என்று நம்பி வளர்ந்தவர் அவர். நேராக நாட்டார் சுப்ராயனிடம் போனார்.

"மாமா, வீட்டு வரிய நம்ம ஊர் வரி மாதிரி போட்டுடுங்க. குழாய் வந்துடும்."

சுப்ராயன் பழைய ஆள், தயங்கினார். "ஏம்மா, அது கவர்மெண்டு வரி. போனது திரும்பி வருமா?"

"நம்ம காசு, நமக்கே வரும்னு ஆபீசரே சொல்லிட்டாரு மாமா."

"வரலைன்னா யாரு பொறுப்பு?"

"நான்."

கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றி, ஊர் கேட்க அதையே மறுபடி சொன்னார். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: வீட்டு வரி கட்டிய ரசீதைக் காட்டாத வீட்டின் படகு இறங்காது.

அதற்கடுத்த நாட்களில் என் கடையில் தேர்த் திருவிழாக் கூட்டம். இப்போது ரசீது புத்தகமெல்லாம் கிடையாது, எல்லாம் ஆன்லைன். பல வருஷத்துப் பாக்கியைச் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. தோடு அடகு வைத்துக் கட்டியவர்கள் உண்டு. அக்கா என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வீடு யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாத குழப்பங்களை எல்லாம் தீர்த்துவைத்தார். குப்பமே கட்டுகிறது என்று கேள்விப்பட்டு எங்கள் காலனியும் வந்து கட்டியது. ஒவ்வொரு தடவையும் திரையில் பச்சை எழுத்தில் நன்றி என்று வரும். "நன்றியெல்லாம் வேணாம், குழாயக் குடு" என்று அக்கா திரையைப் பார்த்துச் சொல்வார். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு வீடு பாக்கியில்லை. அக்காவை மேடையேற்றிச் சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். போட்டோ சுவரில் ஏறிய வாரமே அக்கா பேங்குக்குப் போனார். ஊராட்சிக் கணக்கில் அந்தப் பணம் இல்லை.

ஆன்லைனில் கட்டுகிற வரி நேராக ஊராட்சிக்கு வராதாம். மேலே ஒரு பொதுக் கணக்கில் போய்ச் சேருமாம். அங்கிருந்து பிரித்து அனுப்புவார்களாம். எப்போது அனுப்புவார்கள் என்று அக்கா கேட்டபோது அதிகாரி மேலே கையைக் காட்டினார். மேலே ஃபேன்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று வந்து சொன்னார் அக்கா.

சுற்றுவட்டாரத்தில் வேறு சில தலைவர்களுக்கும் இதே கதைதான். எல்லோரும் சேர்ந்து, எங்கள் வரியை எங்களிடம் கொடு என்று அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். மனு பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. நம் நாட்டில் பரிசீலனை என்பது ஒரு பெரிய ஊர், அங்கே போனவன் திரும்பியதில்லை.

பல மாதம் கழித்து அதிகாரி அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். "உங்க பங்குல கொஞ்சம் வந்துடுச்சும்மா" என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆனா அட்ஜஸ்ட் ஆயிடுச்சு. ஏரிக்கரை மோட்டாருக்குக் கரண்டு பில் பாக்கி இருந்துச்சு பாருங்க, அதுல நேராப் பிடிச்சிட்டாங்க."

"மீதி?"

"மீதி மேல இருக்கு."

பிளந்த குழாய் வழியாக உப்பளப் பாத்திக்கு நல்ல தண்ணீர் பாய்ச்சிய மோட்டார் அது. அந்தக் கரண்டுக்குத்தான் தோடு அடகு வைத்துக் கட்டியிருக்கிறார்கள் எங்கள் ஜனங்கள்.

குப்பத்தில் ஊர் கூடியது. அக்கா நடந்ததை நடந்தபடி சொன்னார். பொதுக் கணக்கு, பிரித்து அனுப்புவது, அட்ஜஸ்ட் எல்லாம் சொன்னார். ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கே விளங்கவில்லை. "மெட்ராசுல இருக்குதுன்னா போயி எடுத்துட்டு வர வேண்டியதுதானே" என்றார் ஒருவர். சுப்ராயன் குரலை உயர்த்தவில்லை.

"யாரு பொறுப்புன்னு நான் அன்னிக்கே கேட்டேன்மா. ஊருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம் வைக்க முடியாது. குழாய் வர்ற வரைக்கும் நீ நம்ம கரையில ஏலத்துக்கு நிக்கக் கூடாது."

"என் பங்கு மீனையாவது அவளுக்குக் குடுக்கலாமா?" என்று பிரபாகரன் கேட்டார். அதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இது அநியாயம். சுப்ராயனிடமே சொல்லியிருப்பேன், ஆனால் காலனிக்காரன் பேச்சு குப்பத்தில் எடுபடாது. அரசாங்கத்தைக் கேட்கத் துப்பில்லாமல் கைக்கு எட்டியவளைக் கேட்டார்கள். எங்கள் காலனியில் அதுகூட நடக்கவில்லை. கட்டின காசு எங்கே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. போனால் போகிறது என்று விட்டுவிட்டோம், அது எங்களுக்குப் பழக்கம்.

அக்கா தெற்கே அடுத்த கரையான கீழ்மணல்குப்பத்துக்குப் போய் மீன் எடுக்க ஆரம்பித்தார். அங்கே ஏலம் விடுகிற தனக்கோடி என்ற பெண் இவரைச் சேர்த்துக்கொண்டார். ஆட்டோ செலவு கூடியது, மீன் கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது. ஆனாலும் கூனிமேட்டு வீடுகள் கைவிடவில்லை. சொந்தக் கரையில் படகு வரும் நேரத்துக்கு, கூடையோடு அதைத் தாண்டி நடந்து போக வேண்டும் என்பதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. "செத்த வீட்டுக்குப் போறவ மாதிரி தலையக் குனிஞ்சிக்கினு போறேன் தம்பி" என்றார்.

அப்போதுதான் அதிகாரியிடமிருந்து போன் வந்தது. கடலோர ஊராட்சித் தலைவர்களுக்கு ஒரு பயிற்சி முகாமாம். நூறு சதவீதம் எப்படி வசூலித்தீர்கள் என்று அக்கா வந்து பேச வேண்டுமாம். "நீங்க வந்து பேசுங்கம்மா, உங்க மீதிய அனுப்பச் சொல்லி மேல நானே பேசறேன்" என்று தூண்டில் போட்டிருக்கிறார்.

"போகாதீங்க அக்கா" என்றேன்.

"குழாய் வந்தாதான் நான் என் கரையில நிக்க முடியும். ரெண்டு வார்த்தை பேசினா வரும்னா பேசிட்டுப் போறேன்."

நான்தான் பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். அரங்கத்தின் பின்னால் நின்று கேட்டேன். அக்கா நன்றாகவே பேசினார். ஊர்க் கட்டுப்பாடு, கற்பூரம், ஒலிபெருக்கி அறிவிப்பு, படகு இறங்காது என்ற நிபந்தனை, ஒன்று விடாமல் சொன்னார். தலைவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். "ஆனா அந்தக் காசு இன்னும் எங்களுக்கு..." என்று அடுத்ததை ஆரம்பித்தபோது, நேரமாகிவிட்டது என்று நன்றி சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டார்கள். கீழே இறங்கிய பிறகு சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தார். பிரியாணி நேரத்தில் யார் காதில் விழும்?

கொஞ்ச நாளில் மற்ற குப்பங்களில் இருந்தும் ஜனங்கள் வரி கட்ட என் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். கீழ்மணல்குப்பத்திலிருந்தும் வந்தார்கள். "போனா திரும்பி வராதுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "படகு இறங்கணுமேப்பா" என்றார்கள். கட்டிக் கொடுத்தேன். திரையில் நன்றி வந்தது. அக்காவின் மீதிப் பணம் மட்டும் வரவில்லை. அதிகாரிக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர், எந்த மீதி என்று கேட்டார்.

போன மாதம் என் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு மீன் வாங்க அக்காவோடு கீழ்மணல்குப்பம் போனேன். நல்ல வரத்து. நெத்திலியும் கவலை மீனும் குவிந்து கிடந்தன. தனக்கோடி ஏலம் விட ஆரம்பித்தார். அக்கா விலை சொன்னார். தனக்கோடி அதற்குக் குறைவாகச் சொன்ன இன்னொரு பெண்ணுக்கு மீனைத் தள்ளிவிட்டார். அடுத்த குவியலுக்கும் அதேதான் நடந்தது.

"ஏம்மா தனக்கோடி, என் குரல் கேக்கலியா?"

"நல்லாவே கேட்டுச்சு. எங்க தலைவருக்கு மேடையேறி வித்தை சொல்லிக் குடுத்த குரலாச்சே. எங்க ஊரு காசும் இப்ப மேலதான் இருக்குதாம்."

தனக்கோடி அடுத்த குவியலுக்கு நகர்ந்தார். ஊரிலேயே வாய் அதிகமுள்ள பெண் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் அன்று பதில் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவருக்கு இல்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

சாலைக்கு வந்ததும், "கூனிமேட்டுல காத்துக்கினு இருப்பாங்க. இனி எந்தக் கரைக்குப் போறது, நீயே சொல்லு தம்பி" என்றார்.

எனக்குத் தெரிந்த குப்பங்களின் பெயர்களை வடக்கிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அக்கா அந்த ஊர்த் தலைவர் முகாமில் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னார்.