மண்டியிட்டுத் தூங்கிய வண்டி

எங்கள் பெரியப்பாவின் வண்டி மண்டியிட்டுத் தூங்கும். சாயங்காலம் நிறுத்தும்போது வீட்டு ஜன்னல் மறைகிற உயரத்துக்கு நிற்கும். விடிந்ததும் போய்ப் பார்த்தால் நான்கு சக்கரங்களையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். பெரியப்பா ஏறிச் சாவியைத் திருப்புவார். அடியில் எங்கோ 'ங்ர்ர்ர்' என்று ஒரு உறுமல் கிளம்பும். முதலில் பின்பக்கம் எழுந்திருக்கும், அப்புறம் முன்பக்கம். எங்கள் வீட்டு மாடும் அப்படித்தான் எழுந்திருக்கும். ஆகவே அந்த வண்டிக்கு உயிர் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். பெரியப்பா, என் அப்பாவுக்கு மூத்தவர், மெட்ராஸில் ஒரு முதலாளி வீட்டில் வெகுகாலம் டிரைவராக இருந்தவர். மேடு பள்ளம் எதிலும் ஏறுகிற அந்தப் பெரிய சீமை வண்டியை வாங்கிய நாளிலிருந்து அவர்தான் ஓட்டினார். வயதான பிறகு அது ஒரு சாமானை மாற்றினால் அடுத்த சாமானில் படுத்துக்கொண்டது. முதலாளி வீட்டில் வேறு வண்டி வாங்கி இதை ஓரங்கட்டினார்கள். விற்கவும் முடியவில்லை. உங்கள் பேச்சைத்தான் அது கேட்கும், நீங்களே கொண்டு போங்கள் என்று அந்த வீட்டம்மா சொல்லிவிட்டாராம். உத்திரமேரூரைத் தாண்டி ஏரிக்கரை வழியாக எங்கள் ஊருக்குள் அது நுழைந்த அன்று, நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். யானையைக் கொண்டுவந்து கட்டியாயிற்று, யார் தீனி போடுவது என்று என் அப்பா மட்டும் முணுமுணுத்தார்.

பெரியம்மா ஆரத்தி கரைத்து வந்தார். பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். வண்டியின் முன்னும் பின்னும் பம்பரில் வட்ட வட்டமாக, பொட்டு வைப்பதற்கென்றே செய்தமாதிரி சின்னச் சின்னக் குமிழ்கள் இருந்தன. பெரியம்மா ஒன்றுகூட விடாமல் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தார். எதிரில் ஏதாவது இருந்தால் கண்டுபிடித்துச் சொல்லும் கருவிகள் அவை என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெரியப்பா பின்னால் எடுக்கப் போனதும் வண்டி கீ கீ என்று அலறத் தொடங்கியது. கண் பட்டுவிட்டது என்று பெரியம்மா உப்பும் மிளகாயும் எடுக்க உள்ளே ஓடினார். அதற்குள் பெரியப்பா துண்டால் சந்தனத்தை நைசாக வழித்துவிட்டார். உப்பு மிளகாய் சுற்றியதும் வண்டி அடங்கிவிட்டதாகத்தான் பெரியம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கோடை முழுவதும் நான் அந்த வண்டியின் பக்தையாக இருந்தேன். ஒரு மேகம்கூட இல்லாத வானத்தைப் பார்த்து அது கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளும். வைகாசி வெயிலில் தானாகவே சீட்டைச் சூடாக்கிவிடும். டிரைவர் சீட்டுக்கு எதிரில் திருவிழாவுக்குப் போடும் சீரியல் செட் மாதிரி மஞ்சளும் சிவப்புமாக விளக்குகள் எரியும். எந்த ஊர்க்காரியோ தெரியாத ஒரு பெண்குரல் திடீரென்று அதட்டும். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டால், கதவு சாத்தலைன்னு சொல்றா, எல்லாம் சாத்தித்தான் கீது, அவளுக்கு வேற வேலை இல்லை என்பார் பெரியப்பா. சில சமயம் நாங்கள் கீழே இறங்கியதும் 'டக்' என்று தானே பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டிக்கொண்டால் உள்ளேயிருந்து இழுத்தாலும் திறக்காது. அதனால் பெரியப்பா எப்போதும் தன் பக்கத்துக் கண்ணாடியை உள்ளே கை விட்டுச் சாவியை எடுக்கும் அளவுக்கு இறக்கிவைத்திருப்பார்.

நான் இப்போது ஒரகடம் பக்கம் வண்டிச் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வண்டியைத் தூக்கி நிறுத்தும் காற்றுப்பையில் ஓட்டை, அதற்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸரில் தேய்மானம், ஒயரில் ஈரம், வெடித்த தண்ணீர்க் குழாய் என்று எல்லாவற்றுக்கும் பெயர் தெரிந்துவிட்டது. பெயர் தெரிந்த பிறகும் அந்த வண்டி எழுந்து நிற்பதை நினைத்தால் இன்னும் மயிர்க்கூச்செறிகிறது.

அந்த வண்டியில் எனக்கு எங்கே வேண்டுமானாலும் உட்கார உரிமை உண்டு, பின்சீட்டின் இடது பக்கம் தவிர. அங்கே ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருக்கும். அது அக்காவின் இடம். அக்கா பெரியப்பாவின் ஒரே பெண். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். முதலாளியின் மகளுக்குக் கல்யாணம் ஆனபோது பெரியப்பாதான் இதே வண்டியில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கொண்டுபோய் இறக்கி, இடது பக்கம் போய்க் கதவைத் திறந்துவிட்டாராம். அன்றைக்கே அவர் மனதில் விழுந்த ஆசை. தாலி கட்டியதும் தன் பெண்ணையும் அந்தச் சீட்டில் உட்காரவைத்து, புள்ளலூரில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் இறக்கி, கதவைத் திறந்துவிட வேண்டும். வேறு எதையும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு வேன் போதும் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கல்யாணத்தன்று காலை வண்டி எழுந்திருக்க மறுத்தது. எல்லோரும் முந்தின நாளே உத்திரமேரூர் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். வண்டியைக் கொண்டுவருவதற்காகப் பெரியப்பாவும், வண்டியில்தான் வருவேன் என்று அடம்பிடித்த நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். உறுமல் நின்று நின்று வந்தது. பெரியப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த சாமி பெயர்களை எல்லாம் சொல்லித் தீர்த்த பிறகு பின்பக்கம் மெல்ல அசைந்தது. அது எழுந்து நின்றபோது நான் கைதட்டினேன். பெரியப்பா தட்டவில்லை.

"இதான் கண்ணு கடைசி. இன்னொரு தபா படுத்தா எயுந்துக்காது" என்றார்.

ஆகவே மண்டபத்து வாசலில் நிறுத்திய பிறகும் அவர் எஞ்சினை நிறுத்தவில்லை. பட்டு வேட்டியும் தோளில் புதுத்துண்டுமாக டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து அடியில் வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பூ அலங்காரம் செய்கிறவர் வந்தார். பெண் போகிற வண்டிக்குக் கஞ்சத்தனமாகச் செய்யக்கூடாது என்று சொந்தக்காரப் பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவரும் சாமந்தியும் ரோஜாவுமாகக் கட்டிய கனமான பூப்பாயை வண்டியின் முகம் தெரியாதபடி முன்னால் கட்டித் தொங்கவிட்டார். சாமிக்குச் சாத்துகிற மாதிரி இருந்தது. வண்டிக்கு மூச்சுவிடுகிற இடம் அதுதான் என்பது அங்கே ஒருவருக்குத்தான் தெரியும், அவர் காது வேறு பக்கம் இருந்தது.

என் அப்பா மண்டபத்திலிருந்து ஓடிவந்தார். தாரைவார்க்கப் பெண்ணின் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், முகூர்த்தம் போகிறது என்று படபடத்தார். பெரியப்பா சுற்றிலும் பார்த்தார். மேடையில் வேலை இல்லாத ஆள் நான் ஒருத்திதான். என்னைத் தூக்கித் தன் இடத்தில் உட்காரவைத்தார்.

"இன்னா ஆனாலும் சாவிய தொடாத. யாரு வந்து சொன்னாலும் ஆஃப் பண்ணாத. நானே வந்து சொன்னாலும் பண்ணாத" என்றார். கதவைச் சாத்திவிட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அந்த அவசரத்தில் கண்ணாடியை இறக்க மறந்துபோனார்.

'டக்' என்றது.

எனக்குப் பயமாக இல்லை. பயப்பட என்ன இருக்கிறது? கனமான கண்ணாடிக்கு அப்பால் உலகம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. சந்தனக் கும்பாவை நீட்டுகிறார்கள், பன்னீர் தெளிக்கிறார்கள், யாரோ யாரையோ திட்டுகிறார்கள், எதுவும் கேட்கவில்லை. உள்ளே ஜில்லென்ற காற்று. கீழே சூடான சீட்டு. ராஜகுமாரிகள் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் ஜில் காற்று வெதுவெதுப்பானது. எதிரில் ஒரு முள் ஏறிக்கொண்டே போனது. அலைமேல் மிதக்கும் சாவி மாதிரி ஒரு சிவப்பு விளக்கு புதிதாக எரிந்தது. அதுவரை நான் பார்த்திராத விளக்கு. வெளிநாட்டுக்காரி நீளமாக ஏதோ பேசினாள். பிறகு பூக்களுக்குள்ளிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. வெந்த சாமந்தி வாசனை உள்ளே வந்தது. அக்கா கல்யாணத்துக்கு வண்டியே சாம்பிராணி போடுகிறது என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வாசலில் இருந்தவர்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோரும் கையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். சமையல்காரர் கரண்டியோடு வந்து கதவை இழுத்தார். என் அப்பா கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தார். அவர்களை விலக்கிக்கொண்டு பெரியப்பா வந்தார். வலது கையிலிருந்து தாரைவார்த்த தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. விரலைத் திருகித் திருகிக் காட்டினார். சாவியைத் திருப்பி அணைக்கச் சொல்கிறார்.

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். நானே வந்து சொன்னாலும் பண்ணாதே என்று அவர்தானே சொன்னார்? என்னைச் சோதிக்கிறார் என்று புரிந்துகொண்டேன். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கைகூப்பிக் கும்பிட்டார். பெரியப்பா கும்பிடுகிற அளவுக்குப் பெரிய ஆளாகிவிட்டேன் என்ற பெருமையில் இன்னும் பலமாகத் தலையை ஆட்டி, அவரை நன்றாகப் பார்ப்பதற்காகக் கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டேன்.

சட்டென்று அவரைக் காணோம். பின்னால் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். இன்னொன்று. திரும்பிப் பார்த்தால் அக்காவின் பக்கத்துக் கண்ணாடி பொரி பொரியாகக் கொட்டியிருந்தது. மேடையில் அம்மி மிதிக்க மஞ்சள் பூசி வைத்திருந்த குழவி வெள்ளைத் துண்டின்மேல் கிடந்தது. அந்த ஓட்டை வழியாகப் பட்டு வேட்டியோடு பெரியப்பா தலைகுப்புற நுழைந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஊர்ந்து வந்து சாவியைத் திருப்பினார்.

வண்டி நின்றது. அவர் என்னைத் தூக்கி வந்த வழியாகவே வெளியே கொடுத்து, தானும் இறங்கி, மறுபடியும் என்னை வாங்கிக்கொண்டார். மண்டபத்துக்குள் கெட்டிமேளம் கொட்டியது. தாலி கட்டுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். பெரியப்பா போகவில்லை. என் பட்டுப்பாவாடை கசங்கும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். எங்களுக்குப் பக்கத்தில் வண்டி பெருமூச்சு விட்டபடி மெல்ல மெல்ல இறங்கி, பூப்பாய் தரையில் புரள மண்டியிட்டது. கூட்டத்தில் ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே அம்மி மட்டும் இருந்தது, குழவியைக் காணோம் என்று தேடியிருக்கிறார்கள். அது இல்லாமலே அம்மி மிதித்து மெட்டி போட்டுவிட்டு, அருந்ததி பார்க்க மாப்பிள்ளையும் அக்காவும் வாசலுக்கு வந்தார்கள். ஐயர் வானத்தைக் காட்டினார். அக்கா வானத்தைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தாள், அவள் அப்பாவின் கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"கதவ தொறந்து வுடு நைனா" என்றாள்.

கண்ணாடி உடைந்தபோது வராத அழுகை அவருக்கு அப்போது வந்தது. உடைந்த ஜன்னலுக்குள் கையை விட்டு எப்படியோ கதவைத் திறந்தார். வெள்ளைத் துண்டைக் கண்ணாடித் தூளோடு சுருட்டி எடுத்துவிட்டு, தன் புதுத்துண்டை விரித்தார். அக்கா உட்கார்ந்தாள். அவள் ஏறுவதற்குச் சிரமப்படக்கூடாது என்றுதான் வண்டி இவ்வளவு தாழ்ந்து கொடுக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மாப்பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்தார். போட்டோ எடுத்தார்கள். எங்கும் போகாத வண்டியிலிருந்து அக்கா இறங்கினாள், பெரியப்பா கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர்கள் வேனில் ஏறிப் புள்ளலூர் போனார்கள்.

எனக்குப் பெரியப்பாவின்மேல் கோபமான கோபம். அன்று சாயங்காலம் கையில் கட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் அடக்கமாட்டாமல் கேட்டேன். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேனே, நீ ஏன் உடைத்தாய்? உடைக்கிறதுதான் உடைத்தாய், நான் உட்கார்ந்திருந்த பக்கமே உடைத்திருக்கலாமே, சுற்றிக்கொண்டு ஓடி அக்கா கண்ணாடியைப் போய் உடைப்பானேன்?

"தப்புதான் கண்ணு" என்றார் பெரியப்பா.

அவரே ஒப்புக்கொண்டதால் நான் மன்னித்துவிட்டேன். வெகுகாலம் அதை என் பெருந்தன்மை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடியில் என் முகம் ஒட்டிக்கொண்டிருந்தது.