சிவப்புப் புள்ளி

அந்த அரசுப் பெண்கள் பள்ளியில் அவளை எல்லோரும் ஸ்க்ரூ அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் அறையின் உதவியாளர். ஆபீஸ்களில் உழைத்து ஓய்ந்த பழைய கம்ப்யூட்டர்கள்தான் அந்தப் பள்ளிக்கு வரும். பாதி வரும்போதே செத்திருக்கும். மூன்றைப் பிரித்து ஒன்றாக்குவாள் அவள். ஒன்றின் ஹார்ட் டிஸ்க், இன்னொன்றின் மெமரி, மற்றொன்றின் ஃபேன். அப்படி இருபதை ஓடவைத்தாள். எது எந்த மேசைக்கு என்று குழம்பாமலிருக்க, மகளுடைய சிவப்பு நெயில் பாலிஷால் பாகத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து, காய்வதற்குள் ஊசியால் மேசை எண்ணைக் கீறிவிடுவாள். பாகத்தின் சீரியல் நம்பரை ஸ்டாக் புத்தகத்தில் ஏற்றித் தலைமையாசிரியையிடம் கையெழுத்தும் வாங்கிவிடுவாள். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. அவளுக்குக் கொழுப்பு.

மாதம் ஒருமுறை சர்வீஸ்காரன் வருவான். வாய் நிறைய "அக்கா, அக்கா". அவன் வந்துபோன மறுநாள் ஏதாவதொன்று படுத்துவிடும். திறந்தால் உள்ளே மெமரி இருக்காது. அவள் தலைமையாசிரியையிடம் சொல்வதற்குள் அவன் முந்திக்கொண்டான். 'உதவியாளர் பாகங்களைக் கழற்றி வெளியே கொண்டுபோகிறார்' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தான். அந்த அம்மாள் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. மறுநாள் காலை எண்ணூறு பெண்களை வரிசையில் நிறுத்தி, மைக்கில் அதைப் படித்தார். எட்டாம் வகுப்பு வரிசையில் அவளுடைய மகளும் நின்றிருந்தாள்.

அவளைச் சாக்பீஸும் பழைய ஸ்டாக் புத்தகங்களும் கிடக்கும் அறைக்கு மாற்றினார்கள். மகள் அழுது அடம்பிடித்து வேறு பள்ளிக்குப் போனாள். தெருவில் அம்மாவோடு சேர்ந்து நடப்பதையும் விட்டாள். அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.

"விட்டுத் தொலையேன். வேலையாவது இருக்குல்ல" என்பார் கணவர்.

அவள் விடவில்லை. ஆறு வருஷம் சாக்பீஸ் தூசியில் உட்கார்ந்து, மனதுக்குள் அந்தச் சர்வீஸ்காரனைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

அவனோ வளர்ந்துவிட்டான். சொந்தமாகக் கம்ப்யூட்டர் பயிற்சி மையம், வாசலில் ஆளுயர போர்டு. மையத்துக்குப் புதுசு வாங்கியதும் பழையது பதினைந்தைப் பள்ளிக்கே தானமாகக் கொடுத்துப் பெயர் வாங்க நினைத்தான். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு தலைமையாசிரியை இவளைக் கூப்பிட்டார்.

"எல்லாம் ஓடுதான்னு பாத்து வை. விழா அன்னைக்கு மானம் போயிடக் கூடாது."

முதல் பெட்டியைத் திறந்தாள். மெமரியின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி. அதற்குள் 7. அடுத்ததில் 12. மளமளவென்று மற்றவற்றையும் திறந்தாள். பதினைந்தில் பதினொன்றில் அவளுடைய சரக்கு. தலைமையாசிரியையிடம் சொன்னால் கதவைச் சாத்திவிட்டுச் சமாதானம் பேசுவார் என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் மூடி, திருகாணிகளைப் பத்திரமாக முடுக்கினாள். "நல்லா ஓடுது மேடம்" என்றாள்.

விழாவில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மேடையிலேயே ஒரு பெட்டியைத் திறந்து, மெமரியை உருவிப் பெண்களிடம் காட்டினான்.

"இந்தச் சிவப்புப் புள்ளி இருக்கு பாருங்க, இது கம்பெனி முத்திரை. ஒரிஜினல்ல மட்டும்தான் இருக்கும்."

ஆறு வருஷமாக அப்படித்தான் நம்பியிருக்கிறான், புத்திசாலி! அதனால்தான் ஒன்றைக்கூட அவன் சுரண்டவில்லை.

பழைய ஸ்டாக் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு அவள் மேடையேறினாள்.

"தம்பி, புள்ளிக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். படிங்க."

அவன் கண்ணைச் சுருக்கினான். "ஏழு."

"ஏழாம் மேசை. நான் கீறினது. நெயில் பாலிஷ் என் பொண்ணோடது."

புத்தகத்தைத் தலைமையாசிரியையின் முன் விரித்தாள். ஏழாம் மேசை, மெமரியின் சீரியல் நம்பர், கீழே அந்த அம்மாளின் கையெழுத்து. அவர் புத்தகத்திலிருந்து நான்கு இலக்கம் படித்துவிட்டு நிறுத்தினார். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்துவந்து, அவன் கையிலிருந்த மெமரியைப் பிடுங்கி, புத்தகத்தோடு ஒத்துப்பார்த்து மிச்சத்தை உரக்கப் படித்து முடித்தாள். அத்தனையும் பொருந்தியது.

"அக்கா, தனியாப் பேசித் தீத்துக்கலாம்" என்று முணுமுணுத்தான்.

"ஆறு வருஷம் பேசாமதான இருந்தேன்? இப்ப நீங்க பேசாம இருங்க."

பதினொரு பெட்டியையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். அவசரப்படவே இல்லை. எட்டாவதைத் திறக்கும்போது அவன் நாற்காலி காலியாக இருந்தது. அந்த வாரமே மற்றப் பள்ளிகளும் அவனை வாசலோடு நிறுத்திவிட்டன.

அன்று மாலை தலைமையாசிரியை கம்ப்யூட்டர் அறைச் சாவியை நீட்டினார்.

"நடந்தது நடந்துபோச்சு. வாங்கிக்கோ."

"சாவி அப்புறம் மேடம். மைக்ல படிச்சீங்க. தப்புன்னு மைக்லயே படிங்க."

"பிள்ளைங்க முன்னாடியா? மூணு மாசத்துல நான் ரிட்டயர் ஆகறேன்மா."

"என் பிள்ளை முன்னாடிதான மேடம் படிச்சீங்க?"

மறுநாள் காலை மகளைக் கையோடு கூட்டிவந்தாள். இருவரும் வரிசைக்கு முன்னால் நின்றார்கள். தலைமையாசிரியை தாளைப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைக்கிலிருந்து விலகி, கடகடவென்று படித்து முடித்தார். அந்த வயதான அம்மாளைப் பார்த்து இவளுக்கு மனம் இளகியது என்று எழுதினால் அது பச்சைப் பொய். மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசைவரை எட்டும்படி சொன்னாள்:

"கேக்கல மேடம். மொதல்லேருந்து படிங்க."