கவிழ்ந்த ஹெலிகாப்டரும் என் வலது கையும்

ஸ்காட்லாந்தின் எண்ணெய் நகரமான அபர்டீனில் டாக்ஸிக்காரர்கள் வணக்கம் சொன்ன கையோடு எண்ணெய் பீப்பாய் என்ன விலை என்று கேட்பார்கள். நீ எந்த ஊர், பெயர் என்ன என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் வாரம் இது எனக்கு விசித்திரமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், வைகாசி மாதம் திருக்காட்டுப்பள்ளி டீக்கடையில் யார் வந்து உட்கார்ந்தாலும் "மேட்டூர்ல எத்தன அடி?" என்றுதானே நாமும் பேச்சைத் தொடங்குகிறோம்? நமக்கு அணை ஏறினால் குறுவை, இவர்களுக்கு விலை ஏறினால் வேலை. இரண்டையும் யாராலும் சரியாகக் கணிக்க முடியாது. ஆனால் இங்கே கணிக்கிறவருக்குச் சம்பளம் உண்டு.

அப்படிக் கணிக்கிற ஒருவர் எங்கள் கம்பெனிக்கு வருடா வருடம் வந்து, கடல் எரிசக்திச் சந்தை எப்படிப் போகும் என்று படம் போட்டுக் காட்டுவார். அவருடைய கோடு எப்போதும் ஐந்து வருடம் கழித்துத்தான் மேலே ஏறும். இந்த முறை, எண்ணெய்க் காலம் இறங்குமுகம், இனி மிதக்கும் காற்றாலைதான் என்றார். கடலை ஏலம் விட்டால் எடுக்க ஆளில்லை. எடுத்தவருக்கு இரும்பு விலை கட்டவில்லை. கட்டினாலும் அவ்வளவு பெரிய கோபுரத்தை வைத்துப் பூட்டத் துறைமுகத்தில் இடமில்லை. இத்தனையையும் சொல்லிவிட்டு 'வாய்ப்புகள்' என்று தலைப்புப் போட்டிருந்தார். மறுவாரம் எங்கள் மாடியில் பாதி நாற்காலி காலி.

மிச்சமிருந்த நாற்காலி ஒன்றில் நான். கோபுரத்தைக் கடலடியில் கட்டிப்போடும் நங்கூரம் என் பொறுப்பு. அலை இழுத்த இழுப்புக்கெல்லாம் பிடுங்கிக்கொண்டு வராமல் வருடக்கணக்கில் அது நிற்க வேண்டும். நாங்கள் பார்க்கிற இடத்திலோ நடவு வயலைவிடக் குழைந்த களிமண். கவிழ்த்த அண்டா மாதிரி ஒரு பெரிய இரும்பு உருளையை அதில் இறக்கி, உள்ளே இருக்கும் தண்ணீரை உறிஞ்சி எடுத்தால் அது தானாகச் சேற்றுக்குள் இறங்கும், சேறும் விடாமல் கவ்விக்கொள்ளும். இதைப் பெருமையாக அம்மாவிடம் போனில் விளக்கினேன். அம்மா ஆரோக்கியமேரி பாதி ஆயுள் கூலிக்கு நடவு நட்டவள். "சேத்துக்குப் பயந்துதாண்டி ஒன்னப் படிக்க வச்சேன். நீ அங்க போயும் சேத்துலயே நிக்கிற" என்றாள்.

அந்தச் சேற்றுக்கும் வந்தது ஆபத்து. இனி கடலுக்குப் போய் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டுமே இடம், மாதக் கடைசிக்குள் கடல் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். சான்றிதழ் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் விசா இல்லை, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கடலுக்கு ஹெலிகாப்டரில் போக வேண்டும். ஆகவே அது கடலில் விழுந்தால் தப்பிக்கத் தெரிய வேண்டும். பொம்மை ஹெலிகாப்டருக்குள் நம்மைப் பெல்ட் போட்டு உட்கார வைத்து, நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. காவிரிக்கரையில் பிறந்துவிட்டா என்று கேட்காதீர்கள். பாலத்திலிருந்து குதிப்பது ஆம்பிளைப் பிள்ளைகள் வேலை, எங்களுக்கு ஆறு என்றால் துணி துவைக்கிற இடம். பயிற்சியாளர் கோர்டனும் இதையேதான் கேட்டார். எங்கள் ஆற்றை ஜூனில் திறப்பார்கள், ஜனவரியில் மூடுவார்கள் என்றேன்.

"ஆற்றை மூடுவீங்களா? சாவி யார்கிட்ட இருக்கு?"

"அதைத்தான் கோர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்."

நான் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டார். பிறகு பாடம் எடுத்தார். இடது கை பெல்ட்டில், வலது கை ஜன்னல் சட்டத்தில். கவிழ்ந்ததும் மேலே எது கீழே எது என்று மூளைக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். என்ன ஆனாலும் வலது கையை எடுக்காதே.

எடுத்துவிட்டேன். தண்ணீர் மூக்குக்கு வந்ததுமே கை தன்னால் சிலுவை போட நெற்றிக்குப் போய்விட்டது. பிதா, சுதன் வரைக்கும் வந்தேன். பரிசுத்த ஆவிக்குள் உலகம் கவிழ்ந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு இல்லாத பக்கம் ஜன்னலைத் தேடினேன். குளத்தில் காவலுக்கு நின்ற ஆள் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். கோர்டன் தாளில் 'பதற்றம்' என்று எழுதினார். பதற்றமில்லை, ஜெபம் என்றேன்.

"முன்னாடி ஜெபம் பண்ணு, பின்னாடி பண்ணு. நடுவுல ஜன்னலைப் பிடி."

இரண்டு நாள் கழித்து இன்னொரு வாய்ப்பு. நான் தோற்றது தெரிந்து முந்தின நாள் மாலை அம்மா கூப்பிட்டாள். "தண்ணிக்குள்ள போறப்ப சிலுவ போட்டுக்கடி. அன்னைக்கி மறந்திருப்ப, அதான் இப்படி ஆயிடுச்சு." சரிம்மா என்றேன்.

மறுநாள் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியபோது வலது கை நெற்றிக்குக் கிளம்பியது. சட்டத்தோடு அழுத்திக்கொண்டேன். கவிழ்ந்தது. அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. மூழ்குவதற்குப் பயந்ததைவிட, சிலுவை போடாமல் மூழ்குவதற்கு அதிகம் பயந்தேன். ஆட்டம் நின்றதும் ஜன்னலைத் தள்ளி, பெல்ட்டைக் கழற்றி, கை காட்டிய வழியில் வெளியே வந்தேன். வேலையும் விசாவும் தப்பின. அம்மா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, "போட்டியா?" என்று கேட்டாள். போட்டேன் என்று பொய் சொன்னேன். அதன்பிறகு எத்தனையோ முறை கடலுக்குப் பறந்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் கை ஜன்னலில்தான்.

கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்குப் போனபோது அம்மாவும் நானும் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினோம். எனக்கு ஜன்னலோரம். மாதா கோயில் வந்ததும் டிரைவர் பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்தார், பாதி பஸ் நெற்றியைத் தொட்டது. அந்தக் குலுக்கலில் என் வலது கை ஜன்னல் கம்பியைப் போய்ப் பிடித்தது. அம்மா பார்த்தாள்.

"கைக்கு என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா."

கம்பியிலிருந்து என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டாள். கோயில் தாண்டிப் போயிற்று. நான் இன்னும் கம்பியை விடவில்லை.